அலமாரியைத் திறந்து வையுங்கள்: பள்ளி நூலகக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே பெங்களூர்த் தமிழர்கள் அனுப்பியவை. பெரும்பாலும் கிறிஸ்தவத் தனியார் பள்ளிகளின் நூலகம் பற்றியவை.

லிங்கராஜபுரத்தில் சபை நடத்தும் பள்ளியில் தமிழாசிரியை நான். நூலகப் பொறுப்பும் என்னிடம்தான். சபை மக்கள் அன்பாகக் கொடுத்த புத்தகங்கள் பன்னிரண்டு அட்டைப்பெட்டிகளில் வந்து கிடக்கின்றன. நூலகவியல் படித்ததில்லை. எங்கே ஆரம்பிப்பது?

கழிப்பதில் ஆரம்பியுங்கள், பதிவேட்டுக்கு அப்புறம் போகலாம். எண் கொடுத்துப் பதிந்துவிட்ட புத்தகத்தை நீக்க நிர்வாகத் தீர்மானம், கையெழுத்து என்று அலைய வேண்டும். பதிவதற்கு முன் நீக்க உங்கள் முடிவே போதும்.

பூஞ்சை வாடை அடிப்பவை, பக்கம் உதிர்பவை, மாறிப்போன பாடத்திட்டத்தின் கைடுகள் முதலில் போகட்டும். அறிவியல் புத்தகத்தில் ஒன்பது கோள்கள் என்றிருந்தால் அது 2006-க்கு முந்தையது. நிலவரைபடத்தில் தெலங்கானா இல்லையென்றால் 2014-க்கு முந்தையது. இரண்டையுமே பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். தடித்தடியான பழைய கலைக்களஞ்சியத் தொகுதிகள் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் ஒரு முழு அலமாரியை அடைத்துக்கொள்ளும், ஒரு குழந்தையும் எடுக்காது. பிரசங்கக் குறிப்புகளும் வேதாகம விளக்கவுரைகளும் போதகர்களுக்கானவை. வேதாகமத்தில் ஒரு சொல் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய அகராதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை இறையியல் கல்லூரி நூலகம் ஏதாவது ஒன்றுக்குக் கொடுக்கலாம். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், பட்டியலை முதலில் அனுப்பிக் கேளுங்கள்.

கொடுத்தவர்கள் மனம் வருந்துவார்களே என்ற தயக்கம் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. இனி நன்கொடை ரசீதிலேயே ஒரு வரி அச்சிட்டுவிடுங்கள்: "பள்ளி மாணவர்களுக்குப் பயன்படாத நூல்களை வேறிடத்துக்கு வழங்கும் உரிமை பள்ளிக்கு உண்டு." வருகிற பெட்டிகளும் குறையும்.

மிஞ்சியவற்றைப் பதியுங்கள். தேதி, சேர்க்கை எண், ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை, யார் கொடுத்தது, குறிப்பு என்று பத்துப் பத்திகள் போதும். ஒரு புத்தகத்துக்கு ஒரு எண். அந்தப் புத்தகம் தொலைந்தாலும் அதே எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்காதீர்கள், கணக்கு குழம்பிவிடும். முத்திரையைத் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்திலும், எல்லாப் புத்தகத்துக்கும் பொதுவாக நீங்கள் தேர்ந்தெடுத்த ஓர் உள்பக்கத்திலும் குத்துங்கள். படத்தின் மேல் குத்தாதீர்கள். வழவழப்பான தாளில் மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும், அதனால் நடுவில் ஒரு மையொற்றுத் தாளை வைத்து மூடுங்கள்.

முதுகுச் சீட்டு எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில், அடியிலிருந்து 3 செ.மீ. விட்டு இருக்கட்டும். முதுகே இல்லாத மெல்லிய படக்கதைகளுக்கு முன்னட்டையின் இடது கீழ் மூலை. செலோடேப் வேண்டவே வேண்டாம். சில வருடங்களில் மஞ்சளாகி உரிந்து பிசினை மட்டும் விட்டுப்போகும். கிழிசலுக்கு டிஷ்யூ தாளும் நீர் கலந்த வெள்ளைப் பசையும் போதும்.

புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும் டியூயி முறையில் பைபிள் கதைகளை எங்கே வைப்பது? கத்தோலிக்கப் பிள்ளைகளும் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளைகளும் இந்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். – ஃபிரேசர் டவுன்

220-இல் வையுங்கள், கதைப் பிரிவில் கலக்காதீர்கள். டியூயி 220 முதல் 280 வரை கிறிஸ்தவத்துக்கு ஒதுக்கிவிட்டு மற்ற எல்லா மதங்களையும் 290-க்குள் அடைத்துவிட்டார். உங்கள் பள்ளியில் 294.5 இந்து சமயம், 297 இஸ்லாம், 294.3 பௌத்தம் ஆகியவையும் கண்ணில் படும் உயரத்தில் இருக்க வேண்டும். எண்ணில் கடைசியாக வருகிறது என்பதற்காக அடித்தட்டுக்குப் போகக் கூடாது. பஞ்சதந்திரம் போன்ற நாட்டார் கதைகளுக்கு 398.2, தமிழ் இலக்கியத்துக்கு 894.811.

தமிழ் வேதாகமம் இரண்டு வகை வாங்குங்கள்: சிஎஸ்ஐ வீடுகளில் இருக்கும் பரிசுத்த வேதாகமம் ஒன்று, கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியம் ஒன்று. தோபித்து, யூதித்து போன்ற நூல்கள் முதலாவதில் இருக்காது. ஆதியாகமம் என்று ஆசிரியர் சொன்னதைத் தொடக்கநூல் என்றிருக்கும் பிரதியில் தேடிக் களைத்துவிடும் பிள்ளைகளுக்காக, இரண்டு பெயர் வரிசையையும் ஒரே அட்டையில் எழுதி உள்ளட்டையில் ஒட்டிவைத்தால் போதும்.

புத்தகம் தொலைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயத்தில் அலமாரியைப் பூட்டியே வைத்திருக்கிறேன். தவறா?

தவறு நிர்வாகத்துடையது. சீர்காழியில் பிறந்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன், 1931-இல் எழுதிய நூலக விதிகளில் முதலாவது விதியே நூல்கள் பயன்படுத்துவதற்காக என்பதுதான். அவர் 1962-இல் ஆவணவியல் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது உங்கள் பெங்களூரில்.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் விதி 215-ஐ நிர்வாகத்திடம் காட்டுங்கள். ஆண்டில் வெளியே போய்வரும் ஆயிரம் நூலுக்கு ஐந்து தொலைவது இயல்பான இழப்பு என்று அது ஏற்கிறது. நேர்மைக் குறைவோ கவனக்குறைவோ இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரணை. தனியார் பள்ளியை அது கட்டுப்படுத்தாது. ஆனால் அரசே ஏற்கும் இழப்பை ஓர் ஆசிரியை தலையில் கட்டுவது அநியாயம் என்று சொல்ல அது போதும். அதே அளவைப் பள்ளித் தீர்மானமாக எழுதி வாங்குங்கள்.

பிள்ளைகளிடம் காசு அபராதம் வசூலிக்காதீர்கள். நாளுக்கு நாள் ஏறும் அபராதத்துக்குப் பயந்தே குழந்தை புத்தகத்தை ஒளித்துவிடும். பழையது வந்தால்தான் புதியது என்ற ஒரே விதி போதும்.

மகள் நான்காம் வகுப்பு. வீட்டில் தமிழ் பேசுவாள், பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும்தான். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிக்கிறாள். என்ன புத்தகம் கொடுப்பது? – காக்ஸ் டவுன் தாய்

உங்கள் ஊரிலேயே இயங்கும் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் என்ற இலவசச் சிறுவர் கதைத் தளத்துக்குப் போய், மொழியில் தமிழையும் வாசிப்பு நிலையில் மிக எளிதான நிலை ஒன்றையும் தேர்ந்தெடுங்கள். பக்கத்துக்கு ஒரு வரி, அதே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும் கதைகள் முதலில். அவளுக்குப் பேச்சில் எல்லாச் சொல்லும் தெரியும், சிக்கல் நீளத்தில்தான். 'போய்க்கொண்டிருந்தார்களாம்' என்பதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் 'போய்' மறந்துவிடும். வாங்கும்போது ஏதாவது ஒரு பக்கத்தை அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து இடத்துக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அவளிடம் அதற்குக் கீழ்நிலையைக் கொடுங்கள். ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ள இருமொழிப் புத்தகங்களைச் சென்னையின் தூலிகா வெளியிடுகிறது. நேஷனல் புக் டிரஸ்டின் தமிழ் நூல்கள் விலை குறைவு. அல்சூர் ஏரி அருகே பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுப் பாருங்கள்.

ஸ்டோரிவீவர் கதைகளை அச்சிட்டுப் பள்ளிக்கும் கொடுக்கலாம். எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர்கள் உள்ள பக்கத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. யாரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் பொது உரிமத்தின் நிபந்தனை அது. பிடிஎஃப்-ஐ இறக்கி, அச்சிடும்போது கையேடு வடிவத்தைத் தேர்ந்து, இருபுறமும் அச்சிட்டு, குறுகிய விளிம்பில் திருப்பும்படி வையுங்கள். நீண்ட விளிம்பில் வைத்தால் பின்பக்கம் எல்லாம் தலைகீழாக வரும். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபடாவிட்டால் கடைசியில் வெற்றுப் பக்கங்கள் நிற்கும். அதில் அவளே படம் வரையட்டும். உள்ளே 100 ஜிஎஸ்எம் தாள், அட்டைக்கு 250, நடுமடிப்பில் நீளக்கை ஸ்டேப்ளரால் இரண்டு பின். சாதாரண ஸ்டேப்ளர் ஏ4 தாளின் நடுவரை எட்டாது.

ஜூலை வந்தால் புத்தகத்தில் பூஞ்சை, வெள்ளிப்பூச்சி. வேப்பிலை, நாஃப்தலீன் உருண்டை எல்லாம் போட்டாயிற்று.

உருண்டைகளை இன்றே எடுத்துவிடுங்கள். அதன் ஆவி குழந்தைகளுக்கு ஆகாது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பிள்ளைக்கு இரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். சரியாகக் காயாத வேப்பிலை ஈரத்தைத்தான் கொண்டுவரும்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை அலமாரிக்குள் வையுங்கள். 65 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் பூஞ்சை வரும். அலமாரியைச் சுவரிலிருந்து 10 செ.மீ.யாவது தள்ளுங்கள், அடித்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரட்டும், தட்டில் கால் பங்கு காலியாக இருக்கட்டும். பூட்டிய இரும்பு அலமாரியில் காற்று ஓடாது. பூஞ்சை பிடித்ததை முகக்கவசம் போட்டு வெளியே எடுத்து, வெயிலில் அல்ல, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, முழுக்கக் காய்ந்த பிறகே மென்மையான தூரிகையால் தட்டுங்கள். ஈரத்தில் துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கும்.

பூச்சி இருந்தால் பாலித்தீன் உறையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில் இரண்டு வாரம். எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் வெளியே வையுங்கள். நீர்த்துளி உறைக்கு வெளியே படியும், தாளில் படியாது.

கோஹா என்ற நூலக மென்பொருள் போடலாமா?

இலவசம்தான், ஆனால் சர்வரைப் பராமரிக்க ஆள் வேண்டும். ஐயாயிரம் புத்தகத்துக்குள் என்றால் ஒரு எக்செல் கோப்பு போதும். தமிழ்த் தலைப்புகளை யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவை தேடலில் சிக்காது, பின்னால் கோஹாவுக்கு மாற்றும்போது குப்பையாக வரும்.