மருந்துச் சோதனையில் புள்ளியியல்: எங்கே தொடங்குவது?

கேள்வி: எம்.எஸ்சி. புள்ளியியல் முடிக்கப் போகிறேன். மருந்துச் சோதனைகளை வடிவமைக்கும் ஆராய்ச்சிக்குப் போக ஆசை. உயிரியல் படித்ததில்லை. சாஸ் என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்றுக்கொண்டால் போதும் என்கிறார்கள். பிஎச்.டி. கட்டாயமா?

பதில்: உயிரியல் படிக்காதது பெரிய குறை இல்லை. நோயைப் பற்றி மருத்துவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், கூச்சப்படாமல் கேட்டால் சரி. சாஸ் தெரிந்தால் மருந்து நிறுவனங்களில் புரோகிராமர் வேலை கிடைக்கும். நல்ல வேலைதான், ஆனால் நீங்கள் கேட்பது அதுவல்ல. வடிவமைப்பு வேலையில் பெரும்பகுதி முதல் நோயாளி சேர்வதற்கு முன்பே முடிந்துவிடும்.

ஒரு மருத்துவர் வந்து, "எத்தனை பேர் வேண்டும்?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய சிகிச்சையில் 30 சதவீதம் பேர் இறக்கிறார்கள், புது மருந்து அதை 20 ஆக்கும் என்பது அவர் நம்பிக்கை. 5 சதவீத முக்கியத்துவ நிலை (பலனில்லாத மருந்துக்குப் பலன் உண்டு என்று தவறாகச் சொல்லும் வாய்ப்பு), 80 சதவீதத் திறன் (பலன் உண்மையாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) என்று கணக்குப் போட்டால் ஒரு பிரிவுக்குச் சுமார் 290 பேர். இங்கே நிறுத்திவிடாதீர்கள். "20 என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "25 என்றே வைத்துக்கொள்வோம்" என்பார். உடனே ஒரு பிரிவுக்கு ஏறக்குறைய 1,250 பேர் தேவைப்படும். ஒரு மருத்துவமனையில் முடிய வேண்டியது பல மையங்களுக்கு, பல ஆண்டுகளுக்குப் போய்விடும். சூத்திரம் எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான் ஆள் தேடுகிறார்கள்.

மருந்தை நடுவில் நிறுத்தியவரை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பது இன்னொரு தலைவலி. சோதனைகளின் புள்ளியியலுக்கான சர்வதேச வழிகாட்டியான ஐ.சி.எச். ஈ9-இன் 2019 இணைப்பு இதைத்தான் பேசுகிறது. வாசிக்கச் சுவாரசியமாக இருக்காது, ஆனாலும் வாசியுங்கள்.

அதைவிட முதலில், 1948-இல் வந்த ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்ச் சோதனைக் கட்டுரையைப் படியுங்கள். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். யாருக்கு எது என்பதைப் புள்ளியியலாளர் பிராட்ஃபோர்ட் ஹில் சமவாய்ப்பு எண்களால் முடிவுசெய்து, மூடிய உறைகளில் வைத்துவிட்டார். எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்களுக்கும் நோயாளி எந்தப் பிரிவு என்று தெரியாது. மருந்து தட்டுப்பாடாக இருந்ததால்தான் பாதிப் பேருக்குக் கொடுக்காமல் இருப்பதை நியாயப்படுத்த முடிந்தது.

பிஎச்.டி.? புது முறைகளை உருவாக்கவும் பல்கலைக்கழகத்தில் சொந்தக் குழு நடத்தவும் வேண்டும். சோதனைக் குழுவில் புள்ளியியலாளராகச் சேர முதுகலையே பெரும்பாலும் போதும். என்னைக் கேட்டால், முதலில் ஒன்றிரண்டு ஆண்டு வேலை பாருங்கள், ஆய்வுக்கான சிக்கல் வேலையிலேயே கிடைக்கும். உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு (இறப்பு போன்ற ஒரு நிகழ்வு நேர எவ்வளவு காலம் ஆகிறது என்ற கணக்கு), விடுபட்ட தரவைக் கையாள்வது, அப்புறம் ஆர் என்ற மென்பொருள், இந்த மூன்றும் கைவசம் இருக்கட்டும்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு பயிற்சி. முன்னணி மருத்துவ இதழ்கள் பல, சோதனை முடிவுகளோடு திட்ட ஆவணத்தையும் வெளியிடுகின்றன. ஒன்றை எடுத்து, புள்ளியியல் பகுதியைப் பார்க்காமல் நீங்களே எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். நேர்காணலில் பேசுவதற்கு அதைவிட நல்ல சரக்கு கிடைக்காது.