கனம் குறைந்தால் உறுதி குறையுமா?

கேள்வி: 1950-களில் வந்த இத்தாலிய மர நாற்காலி, மேசைகளுக்கு ஏலத்தில் கோடிக்கணக்கில் கொட்டுகிறார்கள். அதில் பேர்போன நாற்காலி ஒன்று இரண்டு கிலோகூடத் தேறாதாம். மரச்சாமான் என்றால் கனம் வேண்டாமா? வடிவமைத்தவர் பெயருக்குத்தானே இவ்வளவு காசும்?

பதில்: இரண்டு வேறு சங்கதிகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். கோடிக்கணக்கில் போனது இத்தாலியக் கட்டடக் கலைஞர் கார்லோ மொல்லினோவின் மேசை. டூரினில் ஒரு வீட்டுக்கென்றே 1949-ல் வரைந்தது. 2005-ல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 38 லட்சம் டாலரைத் தாண்டியது. அப்படிப்பட்டவை கிடைப்பதே அரிது, அதனால் அந்த விலை. பெயருக்கும் அதில் பங்கு உண்டு, சரி.

கனமில்லை என்று நீங்கள் குறைசொல்லும் நாற்காலி வேறு. இன்னொரு இத்தாலியக் கட்டடக் கலைஞரான ஜியோ போன்ட்டியின் சூப்பர்லெஜெரா அது. மிலானுக்கு வடக்கே மேதா என்ற ஊரில் இருக்கும் கஸ்ஸீனா நிறுவனம் 1957-ல் கொண்டுவந்தது, எடை 1.7 கிலோ. ஜெனோவா பக்கத்துக் கடலோர ஊரான கியாவரியில் 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலிருந்து தச்சர்கள் செய்துவந்த மெல்லிய நாற்காலிதான் இதற்கு மூலம். போன்ட்டி அதைப் பல வருடம் இழைத்து இழைத்துக் குறைத்தார். 1952-லேயே லெஜெரா என்று ஒன்று வந்துவிட்டது. அப்புறமும் அவர் விடவில்லை.

அதன் காலைப் பாருங்கள். உருண்டையும் இல்லை, சதுரமும் இல்லை, முக்கோணம். ஒரு பக்கம் 18 மில்லிமீட்டர், விரல் கனம்தான். மரம் ஆஷ் என்ற ஐரோப்பிய மரம். நார் நீளமாக ஓடும். பாரம் ஏறினால் கொஞ்சம் வளைந்துகொடுக்கும், சட்டென்று முறியாது. கோடரிக்கும் சம்மட்டிக்கும் ஐரோப்பாவில் இந்த மரத்தில்தான் பிடி போட்டார்கள். உட்காருகிறவரின் பாரத்தைக் குறுக்குச் சட்டங்கள் நாலு காலுக்கும் பகிர்ந்து விடுகின்றன. இருக்கையில் பலகையே கிடையாது, பிரம்புப் பின்னல். நாலாவது மாடியிலிருந்து கீழே போட்டும் உடையாமல் துள்ளியது என்று இதைப் பற்றி இன்றும் சொல்வார்கள். சட்டங்கள் காலில் சேருகிற இடம் இறுக்கமாக இருக்கிறவரை மேற்கொண்டு மரம் போட்டு என்ன ஆகப்போகிறது? தூக்கி நகர்த்தத்தான் கஷ்டம்.

கஸ்ஸீனா இன்றும் இதைச் செய்துவருகிறது. பழையதுதான் வேண்டும் என்பவர் கையெழுத்தையும் முத்திரையையும் தேடுமுன் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கட்டும். பிரம்பு அறுந்திருந்தால் பரவாயில்லை, திரும்பப் பின்னிக்கொள்ளலாம். காலில் எங்காவது பின்னாளில் ஆணி அடித்த தடம் தெரிந்தால் வாங்காதீர்கள். அவ்வளவு மெல்லிய மரம் ஆணிக்குப் பிளந்துவிடும்.