ஐஇபி மீட்டிங்கை பையனே நடத்தட்டும்

நியூ ஜெர்சில 9ஆவது படிக்கிற பையன், டிஸ்லெக்சியா (வாசிக்க, எழுத்துக்கூட்ட சிரமம்), ஐஇபி (ஸ்பெஷல் எஜுகேஷன் தேவைப்படுற பிள்ளைக்கு ஸ்கூல் போடுற தனி கல்வித் திட்டம்) மீட்டிங்ல வாயே திறக்க மாட்டேங்கிறான், எல்லாத்துக்கும் நான்தான் பதில் சொல்றேன்னு எழுதியிருக்கீங்க சகோ. அவன் வர்றது ஸ்கூல் பண்ற சலுகை இல்ல, அமெரிக்க சட்டப்படி 16 வயசுல டிரான்சிஷன் பிளான் (ஸ்கூல் முடிச்சப்புறம் என்னன்னு போடுற திட்டம்) பேசும்போது மாணவனை கூப்பிட்டே ஆகணும், உங்க ஸ்டேட்ல அது 14லயே ஆரம்பம்.

முழு மீட்டிங்கையும் ஒரேயடியா தலைல கட்டாதீங்க. முதல்ல ஐஇபி டிராஃப்டை முன்கூட்டியே கேட்டு வாங்கி அவன்கூட உக்காந்து படிங்க, ஏன்னா நிறைய பசங்களுக்கு தன் ஃபைல்ல என்ன எழுதியிருக்குன்னே தெரியாது. அப்புறம் மூணு ஸ்லைடு போதும், எனக்கு எது நல்லா வரும், எது கஷ்டம், எது உதவுது (எக்ஸ்ட்ரா டைம், ஆடியோ புக் மாதிரி). நேர்ல பேச கூச்சமா, வீட்லயே குரல் ரெக்கார்ட் பண்ணி அங்க ஓடவிடட்டும், தப்பே இல்ல.

கேள்வியை உங்ககிட்ட கேக்காம அவன்கிட்ட கேக்கச் சொல்லி கேஸ் மேனேஜருக்கு (ஸ்கூல்ல அவன் ஐஇபியை கவனிக்கிறவர்) முன்னாடியே ஒரு மெயில் போட்டுடுங்க. அவன் யோசிக்கிற அந்த பத்து செகண்ட் நீங்க சும்மா இருக்கணும், நம்ம ஊர் அப்பா அம்மாக்களுக்கு அதுதான் ரொம்ப கஷ்டம் :)

18 ஆனா முடிவெடுக்கிற உரிமை அவன் கைக்கு போயிடும், காலேஜ்ல ஐஇபியே கிடையாது, டிஸபிலிட்டி ஆபீஸ்ல அவனேதான் போய் கேக்கணும்.