வேலூரா, அரக்கோணமா: நாவலுக்குள் ஒரு விமானத்தளம்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “1942-இல் ஜப்பானியப் படை சென்னையில் இறங்கிவிட்டதாக மாற்று வரலாற்று நாவல் எழுதுகிறேன். பிரிட்டிஷ் விமானத்தளம் வேலூர்க் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊர் மக்கள் திரண்டு அதைப் பிடிக்கிறார்கள். நம்பும்படி இருக்குமா?”

தளத்தை அரக்கோணத்துக்கு மாற்றுங்கள். வேலூருக்குக் கிழக்கே குன்றுகள் நெருக்கி நிற்கின்றன. குண்டு ஏற்றிக்கொண்டு மேலெழும் விமானத்துக்கு அது ஆபத்து. அரக்கோணம் சமவெளி. அதைவிடப் பெரிய காரணம் ரயில். சென்னை, ஜோலார்பேட்டை, ரேணிகுண்டா, செங்கல்பட்டு என நான்கு பக்கமும் பாதை பிரியும் ஜங்ஷன் அது. தளம் என்பது தினமும் பெட்ரோலும் குண்டும் கேட்கும் வயிறு. லாரியை மட்டும் நம்பி அதை நிரப்ப முடியாது. சென்னையிலிருந்து சுமார் 70 கி.மீ. என்பதால் போர்க்கப்பல் பீரங்கியும் எட்டாது. நிஜத்திலும் போர்க்காலத் தளம் அங்கே அமைந்தது. இன்று அந்த இடத்தில் இருப்பது கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி.

சரி, உங்கள் கதையில் எனக்கு அதிகம் உறுத்துவது காலம். கொழும்பு தாக்கப்பட்டது 1942 ஏப்ரல் 5. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னை அஞ்சிக் காலியானதும் அந்த மாதம்தான். ஆனால் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் ஆகஸ்ட் 8. ஏப்ரலில் படையை இறக்கினால் எழுச்சிக்கு அழைப்பே வந்திருக்காது. அக்டோபருக்குத் தள்ளினால் வடகிழக்குப் பருவமழையும் புயலும் குறுக்கே நிற்கும். மிஞ்சுவது ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும். அதிலும் ஒரு சிக்கல்: இலங்கையைத் தாக்க வந்த ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களில் மூன்று, ஜூன் மாதம் பசிபிக் கடலில் மிட்வே தீவருகே அமெரிக்கரோடு நடந்த சண்டையில் மூழ்கிவிட்டன. ஆகவே வரலாற்றில் நீங்கள் கைவைக்க வேண்டிய இடம் மிட்வே. அதை மட்டும் மாற்றி, மற்றதை நடந்தபடியே விடுங்கள். வாசகர் கூடவே வருவார்.

மக்கள் தளத்தைப் ‘பிடிப்பதை’ விட்டுவிடச் சொல்வேன். 1942 ஆகஸ்டில் கோவைப் பக்கம் நடந்ததைப் பாருங்கள். சிங்காநல்லூர் அருகே ரயிலைக் கவிழ்த்தார்கள். சூலூர் விமானத்தளக் கொட்டகைகளுக்குத் தீ வைத்தார்கள். தண்டவாளம், தந்திக் கம்பி, கீற்றுக் கொட்டகை, இவைதான் ஆயுதமில்லாதவர் கைக்கு எட்டுபவை. எரிப்பது ஒரு ராத்திரி வேலை. பிடித்து வைத்துக்கொள்வது வேறு. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையைக் கைப்பற்றியவர்கள் பயிற்சி பெற்ற சிப்பாய்கள். அப்படியும் ஆற்காட்டிலிருந்து சுமார் 25 கி.மீ. குதிரையில் வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பியின் படை அன்றைக்கே அவர்களை அடக்கிவிட்டது. உங்கள் எழுச்சிக்காரர்களுக்கும் அதே கேள்விதான்: உதவிப்படை வரும் வழியை யார் அடைப்பது? அரக்கோணம் ஜங்ஷன் முடங்கினால் ஓடுபாதையில் யாரும் கால் வைக்காமலே விமானங்கள் தரையில் நிற்கும்.

அப்புறம், தொடக்கக் காட்சியை வெளியே தேட வேண்டாம். அந்த ஆகஸ்டில் பம்பாயிலிருந்து திரும்பிய காமராஜர், அரக்கோணத்தில் காத்திருந்த போலீஸ் கண்ணில் படாமல் நழுவி ராணிப்பேட்டை போனார். அங்கிருந்து தஞ்சை, திருச்சி, மதுரை என்று சுற்றி ‘வெள்ளையனே வெளியேறு’ செய்தியைச் சேர்த்துவிட்டு, விருதுநகரில் தாமே கைதானார். உங்கள் நாயகனை அதே பிளாட்பாரத்தில், தளத்துக்கு வந்த பெட்ரோல் பீப்பாய்களை இறக்கும் கூலியாளாக நிறுத்துங்கள்.