வாசகர் கேள்வி–பதில்: ரக்பி போருக்கு ஒத்திகையா?

கேள்வி: ரக்பி ஆட்டத்தை வர்ணிப்பவர்கள் படையெடுப்பு, முற்றுகை, அரண் என்றே பேசுகிறார்கள். அந்த ஆட்டத்துக்கும் போருக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, அல்லது இது வெறும் பேச்சு வழக்கா?

பதில்: அந்த வழக்கம் நம்மிடமும் உண்டு. ஆடுகிறவரையும் சண்டையிடுகிறவரையும் ‘வீரர்’ என்றே அழைக்கிறோம். இருவரும் நிற்கும் இடம் ‘களம்’தான். ஆனால் ரக்பிக்கு இந்த ஒப்புமை மற்ற ஆட்டங்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே பொருந்துகிறது. பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது என்பதால், ஓடியும் உதைத்தும் முட்டித் தள்ளியும் எதிரணியின் நிலத்தை அடியடியாகவே பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆட்டத்தை மீண்டும் தொடங்க இரு அணிகளும் முட்டிக்கொள்ளும் ‘ஸ்க்ரம்’மில் எட்டுப் பேர் தோளோடு தோள் பிணைந்து, தலை கவிழ்ந்து, எதிரே இருக்கும் எட்டுப் பேரைத் தள்ளி அரை அடி முன்னேறுவதைப் பார்க்கிறவருக்குப் பதுங்குகுழிப் போர் நினைவுக்கு வந்தால் அதில் வியப்பில்லை.

ஆயினும் இந்த ஒப்புமைக்கு உரம் போட்டு வளர்த்தவை 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளிகள். வலி பொறுக்கவும் கட்டளைக்கு அடங்கவும் பழகிய சிறுவர்களே பிற்காலத்தில் பேரரசின் அதிகாரிகளாகத் தேறுவார்கள் என்று அவை நம்பின. 1914 ஆகஸ்டில் போர் மூண்ட சில நாட்களிலேயே இங்கிலாந்தின் ரக்பி சங்கம், ஆட்டக்காரர்கள் படையில் சேர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது. கால்பந்து லீக்கோ 1915 வரை நடந்து ஊராரின் ஏச்சை வாங்கிக் கட்டிக்கொண்டது. ரக்பி ஆட்டக்காரர்களில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் சேர்ந்துவிட்டார்கள், மற்ற விளையாட்டுக்காரர்களே, நீங்கள் எப்போது வரப்போகிறீர்கள் என்று கேட்கும் தொனியில் ஒரு சுவரொட்டியும் அச்சாயிற்று. ரக்பி போருக்கு உதவியது பயிற்சியாக அல்ல, ஆள் பிடிக்கும் விளம்பரமாகத்தான் என்பது என் கருத்து.

கேள்வி: முதல் உலகப் போரில் இறந்த ரக்பி ஆட்டக்காரர்களில் யாரைக் குறிப்பிடுவீர்கள்?

பதில்: ஒருவரைச் சொல்வதற்கு முன் ஓர் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். 1914 மார்ச்சில் எடின்பரோவில் கல்கத்தா கோப்பைக்காக மோதிய இங்கிலாந்து, ஸ்காட்லாந்தை 16–15 என்ற கணக்கில் வென்றது. (கல்கத்தாவில் கலைந்துபோன ரக்பி மன்றம் ஒன்று தன் கையிருப்பு வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்வித்த கோப்பை அது, அதன் கைப்பிடிகள் நாகப்பாம்புகள், மூடியின் மேல் யானை.) அன்று களமிறங்கிய 30 பேரில் 11 பேர் போரில் மாண்டார்கள். இங்கிலாந்து கேப்டன் ரானல்ட் பூல்டன் பாமர் அடுத்த மாதமே பாரிஸில் பிரான்ஸுக்கு எதிராக நான்கு ‘டிரை’ (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி பெறுவது) அடித்தார். வளைந்து நெளிந்து ஓடும் அவரைப் பிடிப்பது எதிராளிகளுக்குப் பெரும்பாடு. 1915 மே 5 அன்று, பெல்ஜியத்தில் மறைந்திருந்த ஒருவன் சுட்ட குண்டுக்கு அவர் பலியானபோது வயது 25.

இன்னொருவர் நியூசிலாந்தின் டேவ் கேலகர். 1905இல் அவர் தலைமையில் பிரிட்டன் வந்த அணி வேல்ஸிடம் மட்டுமே தோற்றது. தென்னாப்பிரிக்கப் போரை முன்பே பார்த்தவர். வயதைக் காட்டி ஒதுங்கியிருக்கலாம், ஒதுங்கவில்லை. 1917 அக்டோபர் 4 அன்று பெல்ஜியத்தின் பாசெண்டேல் போர்முனையில், 43 வயதில் இறந்தார். அவருடைய கல்லறைக் கல்லில் பெரணி இலை செதுக்கப்பட்டிருக்கிறது. அது நியூசிலாந்துப் படையினர் எல்லாருடைய கல்லிலும் இருக்கும் சின்னம். அவர் அணிந்து ஆடிய கறுப்புச் சட்டையின் மார்பில் இருந்ததும் அதே இலைதான்.

கேள்வி: போர் ரக்பியை ஏதேனும் மாற்றியதா?

பதில்: தற்காலிகமாக. ஆடுவதற்காக வேலைக்குப் போகாத நாளின் கூலியை ஈடுகட்டக் கூடாது என்ற ரக்பி சங்கத்தின் பிடிவாதத்தால் 1895இல் வட இங்கிலாந்து மன்றங்கள் பிரிந்துபோக, அவர்கள் வளர்த்த ரக்பி லீக்கில் ஆடியவருக்கு சங்கத்தின் ஆட்டமான ரக்பி யூனியனில் மீண்டும் இடமில்லை என்றாகியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் எல்லாரும் ஒரே சீருடைக்குள் வந்ததும் படை அணிகளுக்கு மட்டும் அந்தத் தடை தளர்ந்தது. 1943இலும் 1944இலும் யூனியன் விதிகளின்படியே இரு தரப்பும் மோதின. இரண்டு முறையும் லீக் அணியே வென்றது. போர் முடிந்தது, தடையும் திரும்பியது. யூனியனில் சம்பளம் வாங்கி ஆடலாம் என்றானது 1995இல்தான்.