பதியாத திருமணமும் சிவப்பு அடையாள அட்டையும்

கேள்வி: நான்கு வயதில் தமிழகத்திலிருந்து வந்து, மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்தில் வளர்ந்த என் மனைவி இன்னமும் நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டைதான் வைத்திருக்கிறாள். குடியுரிமைக்கு இருமுறை விண்ணப்பித்தும், காரணம் சொல்லாமலே நிராகரித்துவிட்டார்கள். என் அம்மாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அவள்தான். கோயிலில் தாலி கட்டி ஒன்பது ஆண்டுகளாகின்றன. குடிமக்களுக்கான நீல அட்டை கிடைத்ததும் பதிவு செய்துகொள்ளலாம் என்று அம்மா சொன்னதால் பதிவுத் திருமணம் இன்னும் நடக்கவில்லை. குடியுரிமை வாங்கித் தரத் தரகர் ஒருவர் 8,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: தரகருக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள், தம்பி. தேசியப் பதிவு இலாகாவின் மீது குறை சொல்ல வந்த நீங்கள், பேச்சோடு பேச்சாகப் பதிவுத் திருமணம் நடக்கவில்லை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் கோபம் வந்தது.

1982 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதாரின் திருமணம் முறையாகப் பதிவு பெற வேண்டும். ஊர் கூடி மேளம் கொட்டிக் கட்டிய தாலி மட்டும் அரசாங்கத்திடம் செல்லாது. அரசியல் சாசனத்தின் 15(1) விதி, குடிமகனின் மனைவி இரண்டாண்டுகள் தொடர்ந்து இங்கு வசித்து, நிரந்தரமாகத் தங்கும் எண்ணமும் நன்னடத்தையும் உடையவராக இருப்பது உள்ளிட்ட நிபந்தனைகளை நிறைவேற்றினால், குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள இடமளிக்கிறது. அதிலும் இழுத்தடிப்பு உண்டு, மறுப்பும் உண்டு. ஆனால், சட்டத்தின் கண்ணில் மணமாகாத பெண்ணாக நிற்பவர் அந்த விதியின் கீழ் மனுப் போடவே முடியாது. 12 ஆண்டுகளில் 10 ஆண்டுகள் இங்கு வசித்ததைக் காட்டி, மலாய் மொழித் தேர்ச்சியையும் மெய்ப்பித்து, அதன் பிறகும் அரசாங்கத்தின் தயவை எதிர்பார்க்கும் 19ஆவது விதிதான் அவருக்கு மிஞ்சும்.

நீல அட்டை வந்தால்தான் மருமகள் என்றால், வராமலே போனால் அவரை என்ன செய்வதாக உத்தேசம்? தாயாரின் பேச்சைத் தட்டாத பிள்ளை என்ற பெயரை நீங்கள் சம்பாதித்துக்கொண்டீர்கள். அதற்கான விலையை, தாயாருடைய மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவமனை வரிசையில் நிற்கும் பெண் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பெற்றவளுக்கு அடங்கியிருப்பது நல்ல குணம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால், தாலி கட்டியவனுக்கு வேறு கடமை வந்துவிடுகிறது, அதைத் தாயிடம் கேட்டுச் செய்ய வேண்டியதில்லை.

இந்த வாரமே விடுப்பு எடுத்துக்கொண்டு இருவரும் இலாகாவுக்குச் சென்று, திருமணப் பதிவுக்கு மனுக் கொடுங்கள். மனைவியைத் தனியாக அனுப்பாதீர்கள். பதிவுக்குச் சாட்சிகள் இருவர் தேவை. அவர்களில் ஒருவராக உங்கள் தாயாரே வந்து கையெழுத்திடட்டும்.