சுவான்சோ: பலரும் பார்க்காமல் திரும்பும் இடங்கள் (கேள்வி பதில்)

கே: சுவான்சோவும் குவாங்சோவும் ஒன்றுதானே?

ப: இல்லை. குவாங்சோ வியாபாரிகள் அடிக்கடி போகும் பெருநகரம். சுவான்சோ சீனாவின் ஃபூஜியான் மாகாணத்துப் பழைய துறைமுகம். டிக்கெட் எடுக்கும்போது பெயரை இரண்டு தடவை பாருங்கள்.

கே: சுவான்சோவில் கையுவான் புத்தக் கோயிலுக்குப் போனேன். இரண்டு கல் கோபுரங்கள் அருமை. ஆனால் இந்துச் சிற்பம் எதுவும் கண்ணில் படவில்லையே?

ப: நீங்கள் பின்பக்கம் போயிருக்க மாட்டீர்கள். பெரிய மண்டபத்தைச் சுற்றிப் பின்வாசலுக்கு வாருங்கள். மற்ற தூண்களோடு ஒட்டாமல் பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு நிற்கும். அங்கே நிழலாக இருக்கும், கண் பழக ஐந்து நிமிடம் ஆகும். அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரியவரும். நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார். குழந்தைக் கண்ணன் இரட்டை மரங்களுக்கு நடுவில் நிற்கிறான். நம் ஊர்க் கோயில் தூண் ஒன்றின் முன் நிற்பது போலவே இருக்கும். முன்பக்க மேடையின் அடியிலும் குனிந்து பாருங்கள்: மனித முகமும் சிங்க உடலுமாக எழுபதுக்கும் மேற்பட்ட உருவங்கள். இடிந்துபோன இந்துக் கோயிலின் கற்கள் இவை. மிங் அரச வம்சத்தின் காலத்தில் மண்டபத்தைப் புதுப்பித்தபோது எடுத்துவந்து பொருத்தியிருக்கிறார்கள். தயவுசெய்து கல்லைத் தொடாதீர்கள். கை எண்ணெய் பட்டுப் பட்டு முகம் தேய்ந்துவிடும்.

கே: அந்த இடிந்த இந்துக் கோயில் சோழர் கட்டியதா?

ப: இல்லை, வணிகர்களோடு சேர்ந்து வந்தது. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் காலம் சக ஆண்டு 1203 சித்திரை, அதாவது கி.பி. 1281. சோழர் ஆட்சி 1279-லேயே முடிந்துவிட்டது. சம்பந்தப் பெருமாள் என்பவர் திருக்கதலீஸ்வரம் உடைய நாயனாரை, அதாவது சிவனை, எழுந்தருளச் செய்தார் என்கிறது கல்வெட்டு. யாருக்காகச் செய்தார் தெரியுமா? ‘செகாசைகான் திருமேனிக்கு நன்றாக’, அதாவது அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் உடல்நலத்துக்காக. கடைசியில் சீன எழுத்தும் உண்டு. இந்தக் கல்லைக் கையுவான் கோயிலில் தேடாதீர்கள். அது சியாமென் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கே: விசா எப்படி எடுப்பது?

ப: தூதரக இணையதளத்தைப் பாருங்கள்.

கே: கூட்டமே இல்லாத இடம் ஒன்று சொல்லுங்கள்.

ப: சாவோஆன். நகரத்துக்குத் தெற்கே ஜின்ஜியாங் பக்கம், மலையடிவாரத்தில் சின்னக் கல் கோயில். உள்ளே இருப்பவர் புத்தர் போலத் தெரிவார். கிட்டப் போனால் தாடி இருக்கும், தலைமுடி நேராகத் தோளில் இறங்கும், பின்னால் கதிர்கள் விரியும். அது மானி. பாரசீகத்தில் தோன்றி உலகம் முழுக்க அழிந்துபோன மானி சமயத்தின் தெய்வ உருவம், 1339-இல் பாறையிலேயே செதுக்கியது. ஊர் மக்கள் புத்தராக நினைத்துக் கும்பிட்டதால் பிழைத்தது. நான் ஒரு மழை நாளில் போனேன். ஒரு பாட்டி ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார், வேறு யாரும் இல்லை. ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

கே: சேதியன் கிராமத்தில் நம் அம்மனைக் குவான்யின் என்ற பௌத்தக் கருணைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்களாமே. அது தவறு என்று யாராவது சொல்ல வேண்டாமா?

ப: வேண்டாம். நான்கு கைகளோடு இருக்கும் பழைய இந்துச் சிற்பம்தான், சரி. ஆனால் அதற்கு விளக்கும் பழமும் வைத்துக் காப்பாற்றி வருபவர்கள் அவர்கள்.

கே: அப்படியென்றால் வரலாறு அழிந்து போகட்டுமா? அருங்காட்சியகத்தில் வைத்தால் எல்லோரும் பார்க்கலாமே.

ப: அருங்காட்சியகத்தில் ஏற்கெனவே நிறையக் கற்கள் இருக்கின்றன, கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாருங்கள். எது எங்கிருந்து வந்தது என்று எழுதி வைப்பதோடு வரலாற்றுக்காரன் வேலை முடிந்தது. கும்பிடுகிற சாமியைப் பிடுங்குவது அவன் வேலை இல்லை. நம் ஊர்களிலும் வயல் நடுவே கிடைத்த புத்தர் சிலையை முனி என்று கும்பிடுகிறார்கள். அதைப் பிடுங்கினால் நாம் சும்மா இருப்போமா?

கே: நீங்கள் சொல்வது சரி. ஆனால் அங்கே போய்க் குங்குமம் வைக்கலாமா?

ப: கூடாது. கல்லைத் தொடாதீர்கள் என்று மேலேயே சொன்னேன். கைகூப்பினால் போதும்.

கே: லோயாங் பாலம் பார்க்கத் தகுந்ததா?

ப: கண்டிப்பாக. 1053 முதல் 1059 வரை கட்டியது. நீர் இறங்கும் நேரத்தில் போங்கள். தூண்களின் அடிக்கல்லைப் பிணைக்கச் சிப்பிகளை வளர விட்டிருக்கிறார்கள், அந்தச் சிப்பிகள் கல்லோடு ஒட்டியிருப்பது அப்போதுதான் தெரியும்.

கே: சைவச் சாப்பாடு?

ப: புத்தக் கோயில்களை ஒட்டிய சைவக் கடைகளைத் தேடுங்கள். தெருவில் விற்கும் முட்டை அடையில் சிப்பி இருக்கும், ஜாக்கிரதை.

கே: சார், விசாவுக்கு…

ப: தூதரகம்.

கே: மார்க்கோ போலோ இந்த ஊரைச் சைத்தூன் என்றது ஏன்?

ப: சீனத்தில் இந்த ஊருக்கு ‘சித்தோங்’ என்றும் பெயர், அதுவே சைத்தூன் ஆனது என்பார்கள். சித்தோங் என்பது ஊரைச் சுற்றி நட்டிருந்த மரத்தின் பெயர். நம் வேலியோரத்துக் கல்யாண முருங்கையேதான். இன்றும் அதுதான் நகரத்தின் மலர். வசந்த காலத்தில் போனால் சிவப்பாகப் பூத்திருக்கும்.